தூங்குமூஞ்சிக்கு ஓர் இருக்கை

என் மைத்துனனுக்கு நான் பதினெட்டாயிரம் கடன்பட்டிருந்தேன். பதினான்கு வருடக் கடன். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. கொடுத்தவனுக்குத் தெரியும், வாங்கிய எனக்குத் தெரியும், அவன் அக்காவாகிய என் மனைவிக்குத் தெரியும். நாலாவது ஆள் காதுக்குப் போகாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

ஏன் என்று கேட்டால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொஞ்சம்தான். முழுக்கச் சொன்னால் தாள் போதாது. நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். நாலாம் வகுப்பு வாத்தியார் என்னைப் பார்த்ததே இல்லை, நஷ்டம் அவருக்குத்தான். பேருந்து கழுவுகிற வேலைக்குப் போய், உள்ளே கிழிந்து கிடந்த இருக்கைகளைப் பார்த்து, யாரும் சொல்லித் தராமல் ஊசியைக் கையில் எடுத்தவன். இன்றைக்கு இந்த ஊரில் ஓடுகிற லாரிகளில் பாதிக்கு ஓட்டுநர் இருக்கை என் கையால் தைத்தது. முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற ஓட்டுநரைப் பார்த்தால், அவர் மற்றப் பாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்துகொள்ளலாம். நான் தைக்கிற ஒவ்வோர் இருக்கையின் பின்மூலையிலும் என் கடைப் பெயரைச் சிவப்புத் துணித்துண்டில் பதித்துத் தைத்துவிடுவேன். செய்தவன் பெயர் தெரிய வேண்டாமா?

கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒன்று சொல்வேன்: "ஒருத்தன் கையையும் எதிர்பார்க்காம மேல வந்தவன் நான்." அது ஏறக்குறைய உண்மை. கடையின் முதல் பெரிய தையல் இயந்திரத்துக்கு மட்டும் மைத்துனன் பணம் கொடுத்தான். அதைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கியதை ஒப்புக்கொண்டதாகிவிடும். கொடுக்காவிட்டால் கடன்காரன். இரண்டுக்கும் நடுவில் பதினான்கு வருடம் ஓட்டினேன்.

முழுதும் என் குற்றமும் இல்லை. மூன்றாம் வருடம் பணத்தை உறையில் போட்டு அவன் வீட்டுக்கே கொண்டுபோனேன். அவன் உறையைத் தொடாமல், "இருக்கட்டும் அத்தான். கடைக்கு வேணும்ல," என்றான். கேட்டு வாங்குகிறவனிடம் கோபப்படலாம். 'இருக்கட்டும்' என்கிறவனிடம் என்ன செய்வது? என்மேல் இரக்கப்படுகிறான் என்று எனக்குச் சுருக்கென்றது. உறையை எடுத்துக்கொண்டு வந்து அந்தப் பணத்துக்கு ஃபோம் வாங்கிப் போட்டேன். அதன் பிறகு அவனும் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை.

அவனைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவன் கீபோர்டு வாசிக்கிறவன். கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டு விழா, கடைத் திறப்பு என்று கூட்டம் கூடுகிற இடமெல்லாம் வாசிக்கிற இசைக்குழு ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறான். வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். அதனால் குழுவில் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். அந்தப் பெயருக்கும் அவன் கோபப்பட்டதில்லை. ஒல்லி, உயரம், நீண்ட விரல். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பேச வேண்டியதையெல்லாம் அந்தக் கட்டைகளில் பேசிவிடுவான் போல.

கருவியை அவன் வைத்துக்கொள்கிற அழகு தனி. மெல்லிய துணியால் ஒவ்வொரு கட்டையாகத் துடைத்து, போர்வையில் சுற்றி, பெட்டியில் படுக்க வைப்பான். கைக்குழந்தைக்குக்கூட அந்தக் கவனிப்பு கிடைக்காது. கீபோர்டு வைக்கிற ஸ்டாண்டின் காலில் கறுப்பு டேப் சுற்றி அடையாளம் வைத்திருப்பான்; உயரம் அதற்கு மேலும் போகாது, கீழும் வராது. ஆனால் அந்தக் கருவிக்கு எதிரே உட்காருவதற்கு? மண்டபத்தில் எது கிடைக்கிறதோ அது. ஒரு நாள் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நாள் ஒலிபெருக்கிப் பெட்டி. ஒரு நாள் யாரோ காப்பிக்கடையிலிருந்து கொண்டுவந்த வட்ட முக்காலி. உயரம் போதாவிட்டால் போர்வையை மடித்துப் போட்டுக்கொள்வான். குழுவில் எல்லோருமே அப்படித்தான். கருவிக்கு ஒரு கீறல் விழுந்தால் மூன்று நாள் சாப்பிட மாட்டார்கள். முதுகு முறிந்தால் "சரி, பார்த்துக்கலாம்" என்பார்கள்.

அந்த முதுகு ஒரு மத்தியான வரவேற்பில் பதில் சொன்னது. நாலாம் மணி நேரம். பாட்டு முடிந்து எல்லோரும் எழுந்தார்கள், இவன் எழவில்லை. எழ முடியவில்லை. இடுப்பு பூட்டுப் போட்டுக்கொண்டது. தாளக்காரரும் பாடகரும் இரண்டு பக்கமும் பிடித்து, நாற்காலியோடு அப்படியே தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார்கள். அவன் கண் மூடியே இருந்தது. இதுவும் நிகழ்ச்சியில் ஓர் அங்கம் என்று நினைத்து விருந்தாளிகள் கைதட்டினார்களாம்.

குழுத் தலைவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவர் கெட்டவர் இல்லை, கணக்கானவர். மறுநாள் வீட்டுக்கே வந்து சொன்னார்.

"தூங்குமூஞ்சி, பெரிய மரச்சாமான் கடை ஒண்ணு திறக்கறாங்க. காலையில பத்துல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் விடாம வாசிக்கணும். அது நல்லபடியா முடிஞ்சா அவங்களோட அஞ்சு கிளைக்கும் நாமதான். நீ எட்டு மணி நேரம் உட்கார முடியுமா?"

"முடியும் மாஸ்டர்."

"நேத்தும் முடியும்னுதான் சொன்னே. நாற்காலியோட தூக்கினோம். இன்னொரு தடவை பாதியில நின்னா நான் வேற ஆளைப் போட்டுக்குவேன். நின்னுக்கிட்டே வாசிக்கிற ஆள் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். அவன் குதிக்கவும் செய்வான்."

திறப்புக்கு இருபது நாள் தவணை. இதை என் மனைவி வந்து எனக்குச் சொன்னாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டேதான் சொன்னாள்; கண்ணீர் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

"ஊர்ல இருக்கிற லாரிக்காரன் முதுகையெல்லாம் நிமித்தி விட்டீங்க. என் தம்பி முதுகு மட்டும் உங்க கண்ணுக்குத் தெரியல."

"அவன் கேட்டானா?"

"அவன் எதைத்தான் கேட்டான்?" என்றாள். கத்தி பலகையில் கொஞ்சம் பலமாகவே இறங்கியது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ராஜாவுக்குச் செய்கிற மாதிரி ஓர் இருக்கை செய்து கொடுத்துவிடுவது. கடைவிலைக்குப் போட்டால் பதினெட்டாயிரம் தாண்டும். கடனும் தீரும், கடன் என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கவும் வேண்டாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டு, "முதல்ல அவன் உட்காரட்டும்," என்றாள்.

நாலே நாளில் முடித்தேன். லாரி இருக்கை செய்கிறவன் கை சும்மா இருக்குமா? ஆறு அங்குல ஃபோம். அடியில் சுருள்கம்பி. தலை சாய்க்க மெத்தை, கை வைக்க இரண்டு பக்கமும் தண்டு, சிவப்பு ரெக்சின், ஓரத்தில் வெள்ளை நூல். மூன்று பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. நானே உட்கார்ந்து பார்த்துத் தூங்கிப்போனேன்.

மைத்துனன் வீட்டில் கொண்டுபோய் இறக்கினோம். அவன் கீபோர்டை எதிரே வைத்து உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பதைவிட இறங்கினான் என்று சொல்ல வேண்டும். ஃபோம் அவனை இடுப்பு வரை விழுங்கியது. முழங்கை இரண்டும் கைத்தண்டில் இடித்தன. கட்டைகள் அவன் நெஞ்சு உயரத்தில் நின்றன. சாப்பாட்டு மேசைமேல் முன்னங்காலை வைத்து எட்டிப் பார்க்கிற நாய்க்குட்டி மாதிரி இருந்தான்.

"எப்படி இருக்கு மச்சான்?"

"நல்லா இருக்கு அத்தான்."

'இருக்கட்டும் அத்தான்' என்று சொன்ன அதே குரல். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. "ரெண்டு மணி நேரம் வாசி. பழகிடும்," என்றேன்.

வாசித்தான். இரண்டு மணி நேரம் கழித்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவன் மூன்றாவது அடியில் மடங்கி விழுந்தான். வலது கால் முழுதும் மரத்துப்போயிருந்தது. விழுந்த இடத்திலிருந்தே, "இருக்கை நல்லாத்தான் இருக்கு அத்தான். கால்தான் சரியில்லை," என்றான்.

என் மனைவி அவனுக்குக் கால் தேய்த்துவிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். "இவன் லாரியா ஓட்டறான்?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்தைந்து வருடத் தொழிலில் என் இருக்கையிலிருந்து எழுந்து விழுந்த ஆள் அவன் ஒருவன்தான். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்; சறுக்கின யானைக்குத்தான் அந்த வலி தெரியும். யோசித்துப் பார்த்தேன். அவன் வாசிப்பதை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன், விருந்துப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு. அவன் உட்காருவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை. அளவு நாடாவையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால், அவன் முதுகுக்கு நேர் பின்னால், ஒரு காலிப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் அவன் முகத்தைப் பார்த்தது. நான் அவன் முதுகைப் படித்தேன். எழுத்துப் படிப்புத்தான் எனக்கு மூன்றாம் வகுப்பு; முதுகுப் படிப்பில் எனக்கு மேல் ஆளில்லை.

முதல் விஷயம், பாட்டு நடக்கும்போது அவன் சாயவே இல்லை. லாரி ஓட்டுகிறவர் பின்னால் சாய்ந்து பிழைக்கிறவர். இவன் முன்னால் போய்ப் பிழைக்கிறவன். என் சிவப்பு இருக்கையின் பெருமையெல்லாம் அதன் முதுகில்தான். அந்த முதுகுக்கு இவனிடம் வேலையே இல்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அரை நிமிடம் சாய்ந்தான், அதுவும் இடுப்புக்கு மேலே ஒரு சாண் இடத்தில் மட்டும்.

இரண்டாவது, அவன் ஓர் இடத்தில் உட்காரவில்லை. தடித்த ஸ்வரம் வேண்டுமானால் இடப்பக்கம் நகர்ந்தான், கீச்சு ஸ்வரத்துக்கு வலப்பக்கம். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு தடவை எண்ணினேன். வலது கால் எந்நேரமும் கீழே பெடலை மிதித்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியின் முன்விளிம்பு அந்தத் தொடையைக் கயிறு மாதிரி அறுத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் மணியில் மெல்ல மெல்ல விளிம்புக்கே வந்துவிட்டான். அப்புறம் உட்கார்ந்திருந்தான் என்று சொல்ல முடியாது, குந்தாமல் குந்தியிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகள் துள்ளித் துள்ளி ஆடிக்கொண்டிருந்தார்கள். இவன் விரல் ஒன்றும் தப்பவில்லை.

இடைவேளையில் பக்கத்தில் வந்து நின்றான். சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"நான் கடை வச்ச சமயத்துல ஒரு நிகழ்ச்சிக்கு உனக்கு என்ன கொடுத்தாங்க மச்சான்?"

"அப்போவா? முந்நூறு, அத்தான். சில பேர் சாப்பாட்டையும் அதுல கழிச்சுக்குவாங்க."

அவன் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். நான் பென்சிலை எடுத்து நாடாவின் பின்பக்கமே கணக்குப் போட்டேன். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நாலும் எனக்கு அத்துப்படி, வியாபாரம் கற்றுக்கொடுத்தது. பதினெட்டாயிரத்தை முந்நூறால் வகுத்தால் அறுபது. அறுபது நிகழ்ச்சி. நிகழ்ச்சிக்கு ஐந்து மணி நேரம் வைத்தால் முந்நூறு மணி நேரம், அந்த விளிம்பில், அந்தத் தொடையோடு. என் தையல் இயந்திரம் அப்படி வந்தது. நான் யார் கையையும் எதிர்பார்க்கவில்லை என்பது சரிதான். இன்னொருத்தன் முதுகை எதிர்பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் சிவப்பு இருக்கையை எடுத்துவரச் சொல்லிப் பிரித்தேன். மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் கத்தரி கேட்டது.

இரண்டாவது இருக்கையை நான் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்; அவன் உடம்பு சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். முதலில் உயரம். பலகைமேல் உட்கார வைத்து, அடியில் கால் அங்குலப் பிளைவுட் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகினேன். கட்டைமேல் விரல் வைத்தால் முன்கை தரைக்குச் சமமாகக் கிடக்க வேண்டும். மணிக்கட்டு தொங்கவும் கூடாது, தூக்கவும் கூடாது. ஏழாவது துண்டில் அவன் தோள் இரண்டும் தானாகக் கீழே இறங்கின. எட்டாவதைச் செருகினேன், மறுபடி ஏறின. ஏழுதான். என் மனைவி ஒரு கிண்ணம் தண்ணீரை அவன் முன்கைமேல் வைத்துப் பார்த்தாள். சிந்தவில்லை.

"மாப்பிள்ளை பார்க்க வந்தப்பகூட இவ்வளவு அளவு எடுக்கல," என்றாள்.

"உங்க வீட்ல என்னை அளந்தது போதாதா?" என்றேன்.

மைத்துனன் கிண்ணம் ஆடாமல் சிரித்தான்.

மெத்தை, அடியில் கெட்டி ஃபோம், மேலே விரல்கனத்துக்கு மட்டும் மெதுவானது. உட்கார்ந்தால் இறங்கக் கூடாது, கல்லாகவும் இருக்கக் கூடாது. முன்விளிம்பைச் சரித்து உருட்டிவிட்டேன், தொடைக்கு அடியில் தண்ணீர் வழிகிற மாதிரி. அகலம் இருபத்திரண்டு அங்குலம், அவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர. கைத்தண்டு கிடையாது. ரெக்சினை விட்டுவிட்டுப் பருத்தித் துணி போட்டேன். வியர்வையைக் குடிக்க வேண்டும், வழுக்கவும் கூடாது. இடுப்புக்கு மேலே ஒரு சாண் மெத்தை, அரை நிமிடச் சாய்வுக்கு. எந்த ஊர் மேடையும் மட்டமாக இருப்பதில்லை என்பதால் நாலு காலுக்கும் தனித்தனித் திருகு வைத்தேன். மூட்டுகளுக்கு நடுவில் தோல்வட்டம் வைத்து எண்ணெய் விட்டேன். கிறீச்சென்ற சத்தம் மைக்கில் விழுந்தால் மாஸ்டர் என்னைத் தேடி வருவார். மொத்தம் ஏழு கிலோ. ஒரு கையால் தூக்கலாம். பின்மூலையில், வழக்கம்போல, சிவப்புத் துணியில் என் கடைப் பெயர்.

"உட்காரு மச்சான்."

உட்கார்ந்தான். வாசித்தான். நான் கடைக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பி வந்தபோதும் வாசித்துக்கொண்டிருந்தான். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். பதிலே சொல்லவில்லை. இருக்கை ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துவிட்டிருந்தது. என் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

திறப்பு விழா அன்று காலை பதினெட்டாயிரத்தை எண்ணி மேல்பையில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நானும் மனைவியும் அழைப்பில்லாமலே போனோம். நாலு மாடி மரச்சாமான் கடை. நுழைந்தால் சோபா, திரும்பினால் சோபா. கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவன் மாதிரி நான் என் ஏழு கிலோவைத் தூக்கிக்கொண்டு மேடைப்பக்கம் போனேன். கடை மேனேஜர் குறுக்கே வந்தார். கழுத்துப்பட்டி கட்டின இளைஞர்.

"இது என்னங்க?"

"கீபோர்டுக்காரர் உட்கார்ற இருக்கை."

"நாற்காலிக் கடைத் திறப்புல வெளி நாற்காலியா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? எங்க நாற்காலி போட்டிருக்கோம், பாருங்க. விலை உயர்ந்தது."

பார்த்தேன். முதலாளிகள் உட்காருகிற கறுப்புச் சுழல் நாற்காலி. அடியில் ஐந்து சக்கரம். மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க பெரியவரே. அவங்க கடை, அவங்க பேச்சு. வேலையைக் கெடுத்துடாதீங்க."

மைத்துனன், "இருக்கட்டும் அத்தான். சமாளிச்சுக்கறேன்," என்றான்.

பத்து மணிக்குத் தொடங்கினார்கள். வலது காலால் பெடலை ஒரு தடவை மிதித்தால் நாற்காலி ஒரு விரற்கடை பின்னால் போனது. ஒரு பாட்டு முடிவதற்குள் ஒரு முழம். இடது குதிகாலால் இழுத்து முன்னால் வருவான், அடுத்த பாட்டில் மறுபடி போவான். கடலோரத்துப் படகு மாதிரி போய்ப் போய் வந்தான். பதினொன்றரைக்கு ஒரு சுழல் சுழன்று, பாட்டின் நடுவில் அரை நிமிடம் பாடகரைப் பார்த்துக்கொண்டே வாசித்தான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. நின்று குதிக்கிறவனை அவர் அப்போதே மனசுக்குள் மேடையேற்றிவிட்டார்.

பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இடைவேளை. மைத்துனன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இறங்கினான். முகம் வெளுத்திருந்தது.

"சமாளிச்சுக்கறேன், அத்தான்."

"உன் 'இருக்கட்டும்'ல எனக்குப் பதினாலு வருஷம் போச்சு. இன்னைக்கு நீ பேசாதே," என்று சொல்லிவிட்டு மேனேஜரிடம் போனேன்.

"தம்பி, உங்க கவலை என்ன? அது உங்க கடை நாற்காலி இல்லைங்கிறதா, இல்ல உங்க கடை நாற்காலி மாதிரி தெரியலைங்கிறதா?"

அவர் யோசித்தார். "தெரியணும். அவ்வளவுதான்."

"அப்போ உங்க கடை அட்டை ஒண்ணைக் கொடுங்க. இதுல மாட்டிடுவோம்."

அவர் இருக்கையைத் திருப்பிப் பார்த்தார். இளைஞருக்குக் கண் கூர்மை. "பின்னால வேற பேர் தைச்சிருக்கே."

கடை வைத்த பதினான்கு வருடத்தில் அந்தச் சிவப்புத் துண்டு இல்லாமல் ஓர் இருக்கையும் என் கையை விட்டுப் போனதில்லை. வாங்குகிறவர்கள் வேண்டாம் என்றாலும் தைத்துக் கொடுத்திருக்கிறேன். மேடையில் கிடக்கிற அந்தச் சுழல் நாற்காலியைப் பார்த்தேன். பைக்குள்ளிருந்து சின்னக் கத்தரியை எடுத்தேன். நாலு பக்கமும் நூலை அறுத்தேன். துண்டைப் பணத்தோடு மேல்பையில் போட்டுக்கொண்டேன்.

மேனேஜர் பக்கத்து சோபாவிலிருந்து ஓர் அட்டையைக் கழற்றி இருக்கையில் மாட்டினார். கடைப் பெயர், அதன் கீழே விலை: இருபத்திரண்டாயிரம். என் கடனைவிட நாலாயிரம் கூட. அந்த நேரத்திலும் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மைத்துனன் அதில் உட்கார்ந்தான். நான் குனிந்து வலது முன்காலின் திருகை ஒரு சுற்று இறக்கினேன். மேடை அந்தப் பக்கம் சரிந்திருந்தது. முன்கை சமமாகக் கிடந்தது. அவன் கண்ணை மூடினான்.

அப்புறம் சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் விஷயம். ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது. அவன் இடப்பக்கம் போனான், வலப்பக்கம் வந்தான், அரை நிமிடம் சாய்ந்தான், மறுபடி முன்னால் போனான். மூன்று மணிக்கு விளிம்புக்கு வருகிறானா என்று பார்த்தேன். வரவில்லை. மாஸ்டர் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். என் மனைவி கடையிலேயே விலை கூடின சோபாவில் நாலு மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். விற்பனைக்காரப் பெண் மூன்று தடவை வந்து, "பிடிச்சிருக்காம்மா?" என்றாள். "இன்னும் உட்கார்ந்து பார்க்கறேன்மா," என்றாள் இவள்.

நாலரைக்கு ஒரு தம்பதி மேனேஜரிடம் வந்து, "மேடையில அவர் உட்கார்ந்திருக்காரே, அந்த மாதிரி ஒண்ணு வேணும். இவளுக்குத் தையல் வேலை, நாள் பூரா உட்காரணும்," என்றார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். நான் செய்தது என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். கசப்பு மருந்துகூட அப்படி இறங்கினதில்லை. மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அந்த மாடல் ஒண்ணுதான் இருக்கு, சொல்லி அனுப்பறோம்," என்றார்.

ஆறு மணிக்குக் கடைசிப் பாட்டு முடிந்தது. எல்லோரும் எழுந்தார்கள். நானும் மனைவியும் எழாமலே பார்த்துக்கொண்டிருந்தோம். மைத்துனன் கண்ணைத் திறந்தான். கட்டைகளை ஒரு தடவை துணியால் துடைத்தான். பிறகு கையை எதிலும் ஊன்றாமல், யாரையும் பிடிக்காமல், எழுந்து நின்றான். இரண்டு காலும் அவன் சொன்னபடி கேட்டன.

மாஸ்டர் வயர்களைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "தூங்குமூஞ்சி, அடுத்த மாசம் ரெண்டாவது கிளை. அந்த இருக்கையைக் கொண்டு வந்துடு. அட்டையைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போ."

வேறு ஆளைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

கடைக்குப் பின்பக்கம், சாமான் ஏற்றுகிற இடத்தில், பெட்டியை வேனில் ஏற்றிவிட்டு அவன் வந்தான். ஒரு கையில் இருக்கை தொங்கியது.

"அத்தான், ஒண்ணு சொல்லட்டுமா? பழைய கணக்கு ஒண்ணு இருக்குல்ல. இதோட சரியாப் போச்சு. அக்கா, நீயும் கேட்டுக்கோ."

இருபது நாளுக்கு முன்னால் இதைத்தான் கேட்க ஆசைப்பட்டேன். ஒரு வார்த்தை செலவில்லாமல் கடன் தீர்ந்திருக்கும். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினெட்டாயிரம், மச்சான். கடன்னே சொல்லு," என்றேன். வேன் ஓட்டுநருக்கும் தாளக்காரருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன். "என் கடையோட முதல் இயந்திரம் உன் காசுல வந்தது. இந்த இருக்கை வேற, அந்தக் கடன் வேற. கையை நீட்டு."

"இருக்கட்..." என்று தொடங்கினான்.

"இருக்காது. நீட்டு."

எந்நேரமும் கட்டைகளைப் பார்த்துக் குப்புறவே இருந்த கை. மெல்லத் திரும்பி மேலே பார்த்து விரிந்தது. விரல் நுனிகள் தேய்ந்து பளபளவென்று இருந்தன. மேல்பையிலிருந்து பணக்கட்டை எடுத்தேன். சிவப்புத் துண்டு கூடவே வந்தது, அதைத் திரும்ப உள்ளே தள்ளினேன்.

"அத்தான், பதினாலு வருஷம் ஆச்சே. வட்டி?" என்றான் மைத்துனன். வாழ்க்கையில் அவன் என்னிடம் வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான். முகத்தில் சிரிப்பே இல்லை.

"வட்டியைத்தான் அந்தக் கையில தூக்கிக்கிட்டு நிக்கிறியே."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் விரலில் எச்சில் தொட்டு, ஐந்நூறு தாள்களை ஒவ்வொன்றாக அந்த விரிந்த உள்ளங்கையில் வைத்து, உரக்க எண்ணத் தொடங்கினேன். ஒன்று. இரண்டு. மூன்று. முப்பத்தாறு வரை ஒரு தாளையும் விடவில்லை.